மதச்சார்பின்மை யாருக்கான பாதுகாப்பு?

மதச்சார்பின்மை என்று பேச்செடுத்தாலே இரண்டு கருத்துகள் முந்திக்கொண்டு வருகின்றன. அது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் கொள்கை என்பது ஒன்று. சிறுபான்மையினருக்கு அரசு காட்டும் சலுகை என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு, ஆபத்தானவையும்கூட. இது வேறு யாருக்கோ உரியது என்று நினைப்பவர், தன் உரிமை பறிபோகும் நாளில் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பார். நம் அரசமைப்புச் சட்டம் தரும் மதச்சார்பின்மை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும், பெரும்பான்மையினருக்கும் சிறுபான்மையினருக்கும் பொதுவானது. ஒவ்வொரு தனிமனிதரின் மனச்சான்றையும் அரசிடமிருந்தும், கூட்டத்திடமிருந்தும், தேவைப்பட்டால் அவருடைய சொந்த மதத் தலைவர்களிடமிருந்தும் காப்பதே அதன் வேலை.

அந்தச் சொல்லே 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தின் வழியாக முகப்புரையில் சேர்க்கப்பட்டதுதானே என்று கேட்கிறார்கள். சொல் அப்போது வந்தது உண்மைதான். ஆனால் அதன் உள்ளடக்கம் 1950 முதலே இருக்கிறது. விரும்பிய மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் பிரிவு 25 உரிமை தருகிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்காக யாரிடமும் வரி வசூலிக்கக் கூடாது என்கிறது பிரிவு 27. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியிலும் பெற்றோர் சம்மதமின்றி ஒரு பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது பிரிவு 28. அரசு மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதைப் பிரிவு 15 தடுக்கிறது. மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்தது. முகப்புரையிலிருந்து அந்தச் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கேரளத்தில் நடந்த ஒரு வழக்கு சான்று. 1985இல் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை இடம்தராததால் பாடவில்லை, அவ்வளவுதான். கேரள உயர் நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. 1986 ஆகஸ்டில், பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதில் அவமதிப்பும் இல்லை என்றது. அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று நீதிபதிகள் எடைபோடவில்லை. அது உண்மையாகக் கொள்ளப்பட்ட நம்பிக்கையா என்றுதான் பார்த்தார்கள். ஓட்டு பலமோ ஆள் பலமோ இல்லாத மூன்று பிள்ளைகளுக்கு இது கிடைத்தது என்றால், நம்மில் யாருக்கும் கிடைக்கும்.

பெரும்பான்மை மதத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றைப் பார்க்கலாம். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த 2003இல் மாநில அரசு உத்தரவிட்டது. கிடா வெட்டிப் பொங்கலிடும் குலதெய்வ வழிபாடு ஒரே நாளில் குற்றமாக நடத்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்து, 2004இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. உயிர்ப்பலி சரியா தவறா என்று விவாதிக்கலாம். ஆனால் எது முறையான வழிபாடு என்று அரசு தீர்மானிக்கத் தொடங்கினால் முதலில் அடிபடுவது அதே மதத்துக்குள் இருக்கும் எளியவர்கள்தான் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

அப்படியானால் மதத்தின் பெயரால் எதையும் செய்யலாமா? முடியாது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம், பிற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டதே பிரிவு 25. இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. தீண்டாமையைப் பிரிவு 17 ஒழிக்கிறது. ஒலிபெருக்கி வைத்து அண்டை அயலாரைத் தொந்தரவு செய்யும் உரிமை எந்த மத வழிபாட்டுக்கும் இல்லை என்று, சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றுக்கும் அது பொருந்தும்.

அரசு இந்துக் கோயில்களை மட்டும் கையில் வைத்திருக்கிறதே என்ற கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. பூசை முறையில் தலையிடுவது வேறு, சொத்தையும் கணக்கையும் ஒழுங்குபடுத்துவது வேறு என்று 1954இல் சிரூர் மடம் வழக்கு பிரித்துக் காட்டியது. வக்ஃபு சொத்துகளுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. கட்டுப்பாட்டின் அளவு எல்லா மதங்களுக்கும் ஒன்றாக இல்லை என்ற குறையில் நியாயம் உண்டு. அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, கொள்கையைக் கைவிடுவது தீர்வாகாது. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கான பிரிவு 30உம் மதத்துக்கு மட்டும் உரியதல்ல. தெலுங்கு, மலையாளம் பேசும் இந்துக்களும் தமிழ்நாட்டில் மொழிச் சிறுபான்மையினராக அதைப் பயன்படுத்துகிறார்கள். சிறுபான்மையை மாநில அளவில்தான் கணக்கிட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், இந்துக்கள் குறைவாக உள்ள மிசோரத்திலோ நாகாலாந்திலோ கணக்கே மாறிவிடும்.

உரிமை மீறப்பட்டால் முதல் வேலை, நடந்ததை எழுத்தில் கொடுப்பது. பள்ளியில் என்றால் தலைமை ஆசிரியருக்கும் கல்வி அலுவலருக்கும், அலுவலகத்தில் என்றால் மேலதிகாரிக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அரசு அமைப்பே உரிமையை மறுத்தால் பிரிவு 226இன்படி உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்விலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு தாக்கல் செய்யலாம். மதங்களுக்கிடையே பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவின்படி குற்றம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புகிறவரும் சிக்கிக்கொள்ள நேரலாம். வெறுப்புப் பேச்சு என்றால் புகார் வராவிட்டாலும் காவல்துறை தானே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. கடையிலும் ஓட்டலிலும் மதத்தைக் காட்டி ஒருவரைத் தடுக்க முடியாது. ஆனால் வீட்டு உரிமையாளர் மதத்தைக் கேட்டு வாடகை வீடு மறுத்தால், அதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் நாட்டில் இல்லை. நகரங்களில் குடும்பங்கள் அன்றாடம் படும் அவமானம் இது. இதற்கொரு சட்டம் கொண்டுவருமாறு நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும், எந்த மதத்தவராக இருந்தாலும், நாம் கேட்க வேண்டும்.