நொறுங்க என்றால் எவ்வளவு?

முன்னேஸ்வரத்தில் கோயில் திருவிழா வந்துவிட்டால் வீதியோரம் முழுக்கக் கச்சான் கடைகள்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உம்மாவுக்கு ஒரு பை வாங்கி வருவது என் வழக்கம். சென்ற வருடம் வாங்கிய பை பிரிக்கப்படாமலே அலுமாரியில் கிடந்தது. கேட்டேன். "பல்லு நல்லாத்தான் ஈக்கி மகள், பசிதான் இல்ல" என்றார். உம்மாவுக்கு மேலும் கீழும் பொய்ப்பல்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். நொறுங்க என்றால் எவ்வளவு? இதை அளக்கப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று நம் கச்சான்தான். 1950இல் மேன்லி, பிரேலி என்ற இருவர் இம்முறையை விளக்கி எழுதினார்கள். நிறுத்து எடுத்த கச்சானை, எண்ணிக்கை குறித்து, இருபது தடவை என்பதுபோல் மெல்லச் சொல்வார்கள். விழுங்கக் கூடாது. வாயிலுள்ளதை எல்லாம் துப்பி, கொப்பளித்த தண்ணீரையும் சேர்த்து அரிதட்டில் ஊற்றுவார்கள். கண்ணறை வழியே இறங்கியது எவ்வளவு, மேலே தங்கியது எவ்வளவு என்ற கணக்கே மெல்லும் திறன். நம் வீட்டில் இடித்த மாவை அரிப்பதும் இதே கணக்குத்தான்.

கச்சான் எல்லாம் ஒரே பதமாக இராது. கொஞ்சம் தொண்டைக்குள்ளும் போய்விடும். ஆகவே பின்னாளில் ஒரே அளவில் வெட்டிய சிலிக்கன் கட்டிகளைக் கொடுத்தார்கள். இன்னொரு வழி, இரு நிறச் சுவிங்கம். மென்ற பின் தட்டையாக்கிப் படமெடுத்து, நிறங்கள் எவ்வளவு கலந்துள்ளன என்று கணினி சொல்லும். பொய்ப்பல்லுக்கடியில் துணுக்குச் சிக்காது என்பதால் வயதானவர்களுக்கு இது வசதி.

1964இல் கபூர், சோமன் இருவரும் முழுப் பொய்ப்பல் வைத்தவர்களை அளந்தார்கள். சொந்தப் பல் உள்ளவர்களின் திறனில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவர்களுக்கு இருந்தது. தாம் நன்றாக மெல்வதாக ஒருவர் சொல்வதும் அளவு காட்டுவதும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. உம்மா பொய் சொல்லவில்லை, பழகிப்போய்விட்டார். இறைச்சியை ஓரத்தில் ஒதுக்குவதையும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதையும் நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

தாடையின் அசைவை அளப்பது வேறு கலை. கீழ் முன்பல்லில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டி, முகத்தைச் சுற்றி உணரிகளை வைத்தால், பல் போகும் பாதை கோடாக விழும். முன்னாலிருந்து பார்த்தால் அது நீர்த்துளி வடிவம்: தாடை கீழிறங்கி, பக்கவாட்டில் ஒதுங்கி, மேலேறி மூடும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு செக்கன். தாடை எட்டக்கூடிய எல்லைகளை 1952இல் சுவீடனின் போசெல்ட் வரைந்து காட்டினார். கன்னத்தில் மின்வாய் ஒட்டித் தசையின் உழைப்பையும் பதிவார்கள்.

இவற்றுள் நம் நாட்டுக்கு மிக வேண்டிய அளவுக்கு ஓர் அடிமட்டமே போதும். வாயை முழுக்கத் திறந்தால் மேல், கீழ் முன்பற்களுக்கிடையில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீற்றர் இருக்கும். பாக்கு மெல்லுவோரிடம் இது சுருங்கலாம். வாயின் உட்தோல் நார் பாய்ந்து இறுகும் இந்நோய், புற்றுநோயாகவும் மாறக்கூடியது. பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் பேராசிரியர் திலகரத்ன போன்றோர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது.

எங்கள் சாச்சா வெற்றிலை வட்டாவை விட்டு நகராதவர். முதலில் "கறி உறைக்குது" என்றார், உறைப்பைக் குறைத்தோம். பிறகு சோற்று உருண்டையைச் சிறிதாக்கினார். டொக்டர் அளந்தபோது 18 மில்லிமீற்றர். அந்த எரிவுதான் முதல் அறிகுறி என்று அதன் பின்னர்தான் தெரிந்தது. இறுகிய தோல் பழையபடி இளகுவதில்லை.

இன்றிரவு சாப்பாட்டுக்கு முன் வீட்டிலுள்ள எல்லோரும் தம் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி, முன்பற்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் நாளைக்கே பல் டொக்டரிடம் போங்கள். உம்மாவுக்கு மூன்றும் நுழைந்தது. பொய்ப்பல்லைச் சரிபார்க்க அடுத்த கிழமை கூட்டிப் போகிறேன்.