ஒரே மூதாதையர், இரு நாடுகள்: அர்ஜென்டினாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தாலிய வழித்தோன்றல்கள்

ஒரு மக்கட்கூட்டத்தார் செல்வராய் இருப்பதும் வறியராய் இருப்பதும் அவர்களுடைய பிறப்பினால் வருவதா, அவர்கள் வாழ நேர்ந்த இடத்தினால் வருவதா என்னும் வினா மிகப் பழையது. "அந்த இனத்தாருக்கு உழைப்பு இரத்தத்திலேயே ஊறியது" என்றும், "இந்த இனத்தார் எங்கே போனாலும் தலையெடுக்க மாட்டார்கள்" என்றும் கற்றறிந்தோரும் பேசக் கேட்கிறோம். இப்பேச்சு மெய்தானா என்று சோதித்துப் பார்ப்பது எளிதன்று. சோதிக்க விரும்புவோர், ஒரே மக்களை இரு கூறாக்கி, ஒரே காலத்தில் இருவேறு நாடுகளில் குடியமர்த்தி, மூன்று தலைமுறைகள் காத்திருந்து பார்க்கவேண்டும். வரலாறு ஒருமுறை ஏறத்தாழ இதையே செய்திருக்கிறது.

இத்தாலி 1861-இல் ஒரே அரசாயிற்று. ஆனால் அரசு ஒன்றானதால் உழவனுடைய வயிறு நிரம்பவில்லை. 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் பின்னர் திரும்பிவந்தனர் என்பதும் உண்மை. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தவர்கள் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில், ஐக்கிய அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கே சென்றனர். அண்ணன் புவெனஸ் அயர்ஸ் நகருக்கும் தம்பி நியூயார்க் நகருக்கும் கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. இவ்விருவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஹெர்பர்ட் க்ளைன் 1983-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையும், சாமுவேல் பெய்லி 1999-இல் வெளியிட்ட நூலும் இவ்வொப்பீட்டை விரிவாகச் செய்துள்ளன. முதல் தலைமுறையைப் பொறுத்தவரையில் இருவரும் கண்ட முடிவு, "அமெரிக்கா" என்றவுடன் செல்வத்தை நினைப்பவர்களுக்கு வியப்பளிக்கும். விரைவாக முன்னேறியவர்கள் தெற்கே அர்ஜென்டினாவுக்குச் சென்றவர்களே.

முதலில் எண்ணிக்கையைக் காண்போம். 1914-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அர்ஜென்டினாவின் மக்கள் தொகை ஏறத்தாழ 79 இலட்சம். அவர்களுள் இத்தாலியில் பிறந்தவர்கள் மட்டும் 9 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அதாவது எட்டு அல்லது ஒன்பது பேரில் ஒருவர். 1910-இல் ஐக்கிய அமெரிக்காவில் இத்தாலியில் பிறந்தோர் 13 இலட்சத்துக்கும் அதிகம். ஆயினும் அந்நாட்டின் மக்கள் தொகை அப்போது 9 கோடியே 20 இலட்சம். எனவே எழுபது பேரில் ஒருவரே இத்தாலியர். எண்ணிக்கையில் பெரிதாயிருந்த கூட்டம் விகிதத்தில் சிறிதாயிற்று. இவ்வேறுபாட்டிலிருந்து பல வேறுபாடுகள் கிளைத்தன.

அர்ஜென்டினாவில் இத்தாலியர் சென்றிறங்கியபோது அந்நாட்டின் பொருளாதாரம் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. கோதுமையும் மாட்டிறைச்சியும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. இருப்புப்பாதைகள் நீண்டன, நகரங்கள் எழும்பின. ஆனால் செங்கல் அடுக்கவும் ரொட்டி சுடவும் செருப்புத் தைக்கவும் கடை நடத்தவும் அங்கே ஆளில்லை. நாட்டின் மேட்டுக்குடியினர் நிலவுடைமையிலேயே நாட்டமுடையவராய், பட்டறையையும் கடையையும் இழிவாகக் கருதினர். அவர்களுக்கும் ஏழைக் கூலிகளுக்கும் இடையே அகன்றதோர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியில் இத்தாலியர் நுழைந்தனர். அவர்கள் பிறருடைய இடத்தைப் பறித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வெற்றிடத்தை நிரப்பினாலே போதுமாயிருந்தது. 1887-இல் புவெனஸ் அயர்ஸ் நகரின் 4 இலட்சத்து 33 ஆயிரம் மக்களுள் 1 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இத்தாலியர். 1895-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தொழிற்கூட உரிமையாளர்களுள் மிகப் பெரும்பாலோர் அயல்நாட்டில் பிறந்தவர்கள் என்று தெரியவந்தது. அவர்களுள் இத்தாலியரே முதன்மையானோர். இக்கூடங்கள் பெரும்பாலும் நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளே. எனினும் பட்டறை சிறிதானாலும் அதன் முதலாளி முதலாளியே. 1910-ஐ ஒட்டி ரொட்டிமாவு பிசையும் இயந்திரம் செய்யத் தொடங்கிய டோர்குவாத்தோ டி தெல்லா என்னும் இத்தாலியரின் நிறுவனம், பின்னாளில் அந்நாட்டின் பெரும் தொழில் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

மேலும், அவர்கள் வந்திறங்கியது அறிமுகமற்ற இடமன்று. ஜெனோவா நகரத்து மாலுமிகளும் வணிகரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லா போகா என்னும் துறைமுகப் பகுதியில் குடியேறியிருந்தனர். இத்தாலிய மருத்துவமனைக்கு 1853-இல் அடித்தளமிடப்பட்டது. 1858-இல் "ஒற்றுமையும் உதவியும்" என்னும் பொருள்படும் பெயருடைய பரஸ்பர உதவிச் சங்கம் தோன்றியது. 1872-இல் இத்தாலிய வங்கி திறக்கப்பட்டது. பெருந்திரளாக மக்கள் வந்துசேருமுன்னரே அவர்களைத் தாங்கும் அமைப்புகள் ஆயத்தமாயிருந்தன. நோயுற்றவனுக்குப் படுக்கையும், பட்டறை தொடங்குகிறவனுக்குக் கடனும், இறந்தவனுக்கு அடக்கச் செலவும் தன் மொழி பேசுவோரிடமிருந்தே கிடைத்தன. ஸ்பானிய மொழியும் இத்தாலியனுக்குச் சில திங்களில் கைவந்துவிடும்.

நியூயார்க்கின் நிலை வேறு. ஐக்கிய அமெரிக்கா அப்போதே வளர்ந்த தொழில் நாடு. அங்கே பட்டறைக்கும் கடைக்கும் உரிமையாளர்கள் இருந்தனர். திறன்மிக்க வேலைகளுக்கு ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இருந்தனர். காவல்துறையிலும் நகர அரசியலிலும் ஐரிஷ்காரர் அமர்ந்திருந்தனர். பிந்திவந்த இத்தாலியனுக்கு எஞ்சியிருந்தவை மண்வெட்டியும் தையல் இயந்திரமுமே. சுரங்கப்பாதை தோண்டவும் இருப்புப்பாதை போடவும் ஆள் சேர்த்துக் கொடுத்தவர் "பத்ரோனே" எனப்பட்ட தரகர். நம்மவர் அறிந்த கங்காணியை இவர் பெரிதும் ஒத்திருந்தார்; கூலியில் ஒரு பங்கு இவருக்கே போயிற்று. பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைத்தனர். 1911 மார்ச் 25-இல் டிரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது உயிரிழந்த 146 பேரும் பெரும்பாலும் இளம் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களுமே. சமயமும் அங்கே அடைக்கலமாகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஐரிஷ்காரர் கையிலிருந்தமையால், பல ஆலயங்களில் இத்தாலியர் மேல்தளத்தில் இடம்பெறாமல் கீழறையில் வழிபட வேண்டியிருந்தது. 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து பதினொரு இத்தாலியரைக் கொன்றது. அவர்களுள் சிலர் அதற்கு முந்திய நாளில்தான் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் அல்லர் என்று தீர்க்கப்பட்டவர்கள்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். அர்ஜென்டினாவுக்கு முதலில் சென்றவர்கள் லிகூரியா, பீட்மாண்ட், லொம்பார்டி முதலிய வட பகுதியினர்; அமெரிக்காவுக்குச் சென்றவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் சிசிலி, கலாபிரியா, நேப்பிள்ஸ் முதலிய தென் பகுதியினர். ஆகவே வேறுபாடு நாட்டினாலன்று, ஆட்களினாலேயே என்று சொல்லலாமன்றோ? அமெரிக்கப் பாராளுமன்றம் 1907-இல் அமைத்த டில்லிங்ஹாம் ஆணையம் இவ்வாறே கருதிற்று. 1911-இல் வெளிவந்த அதன் 41 தொகுதிகளில் வட இத்தாலியரும் தென் இத்தாலியரும் இரு வேறு இனங்களாகவே பதியப்பட்டனர். இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியிலிருந்து ஆண்டொன்றுக்கு 3,845 பேர் மட்டுமே குடியேறலாம் என வரையறுத்தது. பிறப்பைப் பற்றிய ஒரு தவறான கொள்கை, கப்பல் துறையில் நின்ற ஓர் உழவனின் முகத்தில் கதவைச் சாத்தியது.

வட பகுதியினர் எழுத்தறிவிலும் தொழில் திறனிலும் முந்தியிருந்தனர் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அது மட்டுமே காரணமாயின், அர்ஜென்டினாவுக்குச் சென்ற தென் பகுதியினர் பின்தங்கியே இருந்திருக்க வேண்டும். அவ்வாறில்லை, அவர்களும் நியூயார்க் சென்ற தங்கள் ஊராரைவிட விரைவாகவே கடையும் வீடும் உடையவராயினர். ஐக்கிய அமெரிக்காவுக்குள்ளேயே சான்பிரான்சிஸ்கோவை நோக்குக. அந்நகரும் இத்தாலியரும் சேர்ந்தே வளர்ந்தமையால், அங்கே அவர்கள் மீன்பிடிப்பிலும் காய்கறி வணிகத்திலும் திராட்சைத் தோட்டங்களிலும் வலுவாய்க் காலூன்றினர். லிகூரியப் பெற்றோருக்குப் பிறந்த ஏ. பி. ஜியானினி 1904-இல் அங்கே தொடங்கிய "பேங்க் ஆஃப் இத்தாலி"தான் 1930-இல் "பேங்க் ஆஃப் அமெரிக்கா" ஆயிற்று. ஊர் உருவாகும்போதே வந்தவனுக்கும், உருவான பின் வந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இது.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. லூத்தருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றி, பீட்மாண்ட் மலைப் பள்ளத்தாக்குகளில் துன்புறுத்தல்களைச் சகித்து நிலைத்த வால்டென்சியர், 1848-இல் குடியுரிமை பெற்ற பின்னரும் நிலப்பற்றாக்குறையால் வெளியேறினர். ஒரு பகுதியினர் புவெனஸ் அயர்ஸுக்கு எதிர்க்கரையிலுள்ள உருகுவே நாட்டில் 1858-இல் கொலோனியா வால்டென்சே என்னும் ஊரை அமைத்தனர். நல்ல மண் கிடைத்தமையால் உழவராகவே பெருகி, பின்னர் ஆற்றைக் கடந்து அர்ஜென்டினாவிலும் பரவினர். மற்றொரு பகுதியினர் 1893-இல் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டீஸ் என்னும் ஊரை நிறுவினர். அங்கே நிலம் வளமற்றது; ஆகவே உழவர் பரம்பரையினர் காலுறை நெய்யும் ஆலைகளில் தொழிலாளராயினர். தென்னமெரிக்காவில் அவர்களுடைய சபை இன்றும் இத்தாலியத் தாய்ச்சபையோடு ஒன்றித் தன் பெயருடன் நிலைத்திருக்கிறது. வட கரோலினாவில் அது பிரெஸ்பிட்டேரியன் சபையோடு இணைந்துவிட்டது. பள்ளத்தாக்கும் ஒன்று, விசுவாசமும் ஒன்று, வேறுபட்டது மண்.

இவையனைத்தையும் கொண்டு அர்ஜென்டினாவை ஒரு புகலிட நாடாகப் போற்றிவிடலாகாது. 1853-ஆம் ஆண்டு அரசியலமைப்பே ஐரோப்பியக் குடியேற்றத்தை ஊக்குவிக்கும்படி அரசுக்குக் கட்டளையிட்டது. ஆனால் ஆள்வோர் மனத்திலிருந்தவர்கள் ஆங்கிலேயரும் ஜெர்மானியருமே. வந்தவர்கள் இத்தாலியராயிருந்ததால், குடியேற்றத்தை ஆதரித்த சர்மியெந்தோவே பின்னாளில் இத்தாலியப் பள்ளிகளைக் கண்டித்து எழுதினார். நிலமோ பெரும்பாலும் சில குடும்பங்களின் கையிலேயே இருந்தது. இத்தாலியக் குத்தகை உழவர்கள் 1912-இல் சாந்தா ஃபே மாநிலத்தின் அல்கோர்தாவில் கிளர்ந்தெழுந்தது இதனாலேயே. நகரத்து ஏழைகள், ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாய் அமைந்த அறைகளில், அறைக்கொரு குடும்பமாய் வாழ்ந்தனர். 1907-இல் அவர்கள் வாடகை கொடுக்க மறுத்து நடத்திய போராட்டத்தில் பெண்களே முன்னணியில் நின்றனர். "தகைவிலான் குருவிகள்" எனப் பெயர் பெற்ற வேறு சிலர், இத்தாலியில் அறுவடை முடிந்ததும் கடல் கடந்து அர்ஜென்டினாவின் அறுவடைக்குச் சென்று, மீண்டும் ஊர் திரும்பினர். இரு நாடுகளின் பருவங்கள் எதிரெதிராயிருந்ததே இவர்களுடைய பிழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மறக்கலாகாது. இத்தாலியர் உழுத நிலங்களுள் ஒரு பகுதி, 1878 முதல் 1885 வரை நடந்த படையெடுப்புகளில் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டதாகும். வந்தவர்கள் கண்ட வெற்றிடங்களெல்லாம் தாமாக வெற்றிடமாயிருந்தவை அல்ல.

இனி, பேரப்பிள்ளைகளின் காலத்துக்கு வருவோம். 1913-இல் அர்ஜென்டினா ஒவ்வொருவருக்குமான சராசரி வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. இத்தாலியைவிடத் தெளிவாகவே உயர்ந்தது. 1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் இராணுவப் புரட்சியும் ஒன்றாய் வந்தன. 1983 வரை இராணுவம் அடிக்கடி ஆட்சியைக் கைப்பற்றியது. 1960-ஐ ஒட்டி இத்தாலி, சராசரி வருமானத்தில் அர்ஜென்டினாவை முந்திவிட்டது. 1989-இல் விலைவாசி ஆண்டுக்கு முப்பது மடங்குக்கு மேல் ஏறியது. 2001 டிசம்பரில் வங்கிகளிலிருந்து சேமிப்பை எடுக்க முடியாதபடி அரசு தடுத்தது. பட்டறை வைத்து, வீடு கட்டி, பிள்ளையை மருத்துவனாக்கிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, கையிலிருந்த காசு கரைவதைக் கண்டுநின்றது.

வடக்கே நேர்மாறானது நிகழ்ந்தது. மண்வெட்டி பிடித்தவனின் மகன் தொழிற்சங்கத்தில் சேர்ந்தான். இரண்டாம் உலகப் போரில் பணிசெய்தான். 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் கல்லூரிக்குச் சென்றான். புறநகரில் வீடு வாங்கினான். 1980-களுக்குள் இத்தாலிய அமெரிக்கர் கல்வியிலும் வருமானத்திலும் நாட்டின் சராசரியை எட்டிவிட்டனர். ஃபியோரெல்லோ லா கார்டியா 1934-இலேயே நியூயார்க் மேயரானார். 1986-இல் அந்தோனின் ஸ்காலியா உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஆணையம் எந்தத் தென் இத்தாலியரைத் தாழ்ந்த இனமென்று வகைப்படுத்தியதோ, அந்தச் சிசிலியிலிருந்து வந்தவர் அவருடைய தந்தை. ஆயினும் இத்தாலிய வழிவந்த குடியரசுத் தலைவர் ஒருவரை ஐக்கிய அமெரிக்கா இன்னும் கண்டதில்லை. அர்ஜென்டினாவிலோ ஃப்ரொந்திசி, இல்லியா, மாக்ரி, மிலெய் என அவ்வரிசை நீள்கிறது.

இரு நாடுகளிலும் "இத்தாலியர்" என்னும் சொல்லின் பொருளே இன்று வேறாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1980 முதல் கணக்கெடுப்பில் மூதாதையர் பற்றிய வினா சேர்க்கப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தம்மை இத்தாலிய வழியினர் எனக் கூறுகின்றனர். அர்ஜென்டினாவில் அத்தகைய தனிச் சமூகத்தைப் பிரித்தறிதல் அரிது. மக்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இத்தாலியக் கலப்பு இருக்கலாமென மதிப்பிடுகின்றனர். ஆங்குள்ளோர் பேசும் ஸ்பானிய மொழியில் இத்தாலிய ஓசை ஏறியிருக்கிறது. திங்கள்தோறும் 29-ஆம் நாளில் உருளைக்கிழங்கு மாவுருண்டை சமைத்து உண்பது எல்லார்க்கும் வழக்கமாயிற்று.

ஆனால் 2001-க்குப் பின் அங்கும் மூதாதையரைத் தேடும் முயற்சி பெருகியது. இத்தாலியத் தூதரக அலுவலகங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. கொள்ளுப்பாட்டனார் இத்தாலியக் குடிமகனாயிருந்தார் என்று காட்டினால் அந்நாட்டுக் குடியுரிமையும், அதன் வழியாக ஐரோப்பாவில் வேலையும் பெறலாம் என்பதே காரணம். கலாபிரியாவிலும் பீட்மாண்டிலுமுள்ள சிற்றூர்ப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பழைய பெயர்களைத் தேடித் தரும்படி அர்ஜென்டினாவிலிருந்து வேண்டுகோள்கள் வந்தவண்ணமிருந்தன. 2025 மார்ச் 28-இல் இத்தாலிய அரசு இவ்வாயிலைச் சுருக்கியது. இப்போது, சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இத்தாலியராயிருந்தால்தான் உரிமை. 1890-இல் கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் இனிச் செல்லாது.