கொக்குப் படத்தை எவ்வளவு வெட்டலாம்?

சம்பா நடவுக்கு டிராக்டர் சேறு அடிக்கும் நாட்களில் திருவாரூர் மாவட்டம் குடவாசல் பக்கத்து வயல்களில் கொக்குகளுக்குப் பஞ்சமில்லை. புரளும் சேற்றிலிருந்து கிளம்பும் பூச்சிகளுக்கும் தவளைகளுக்கும் சக்கரத்தை ஒட்டியே வரும். வரப்பில் நின்று எடுத்த படத்தைக் கணினியில் திறந்தால் முழுக்க வயல்தான். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

முதல் வேலை, வேண்டாததை வெட்டுவது. 24 மெகாபிக்சல் படம் பொதுவாக 6000-க்கு 4000 பிக்சல். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல், அதாவது கால் பங்கு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் 10 அங்குல அகலம் வரும். இன்னொரு முறை பாதியாக்கினால் 5 அங்குலம்தான். செல்போன் திரைக்கு அது போதும்.

அடுத்தது வெளிச்சம். காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் கேமராவின் ஒளிமானி இயங்குகிறது. கருஞ்சேறு படத்தை நிறைத்திருந்தால் இருட்டு என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும், கொக்கு வெளுத்துப்போகும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகளே உண்டு. இறகின் மடிப்பும் 255, முதுகும் 255 என்றாகிவிட்டால் மடிப்பை மீட்க வழியில்லை. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம். சென்சாரே நிரம்பிவிட்டால் அதுவும் கைகொடுக்காது. எனவே வெள்ளைப் பறவையை ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுத்து, இருண்ட பகுதிகளைப் பிறகு தூக்குவதே நல்லது.

திருத்தத்தின் உண்மையான சோதனை, பறவையை இனம்காண்பதில்தான். இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நாட்களில் பெரிய வெள்ளைக் கொக்குக்கும் நடுத்தர வெள்ளைக் கொக்குக்கும் அலகு மஞ்சள்தான். வேறுபாடு, வாய் பிளக்கும் கடைவாய்க் கோட்டில் இருக்கிறது. பெரியதற்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்; நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். வெட்டிப் பெரிதாக்கினால் இந்தக் கோடு தெரியும், அதற்குப் போதிய பிக்சல் இருந்தால். இல்லாதபோது செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்தால், தான் கற்ற ஆயிரக்கணக்கான படங்களை வைத்து ஒரு கோட்டை ஊகித்து வரைந்துவிடும். படம் பளிச்சென்று இருக்கும். பறவையின் பெயர் தவறாகலாம்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றும் படங்கள் பதிவுக்குச் சான்றாகின்றன. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இருப்பது இதே திருவாரூர் மாவட்டத்தில்தான். இங்கே தவறான ஒரு பதிவும் கணக்கைக் குழப்பும். படப் போட்டிகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டி வெட்டுவதை ஏற்கிறது. இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதை நீக்குவதையும் ஏற்பதில்லை.

வெட்டும்போது டிராக்டர் சக்கரமும் போய்விடுகிறது. கொக்கு அங்கே எதற்கு வந்தது என்று சொல்வது அந்தச் சக்கரம்தான். அழகுக்கு வெட்டிய படத்தைச் சுவரில் மாட்டுங்கள். அசல் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.