பரிமேலழகர் உரைநடையும் கற்பார் பொருளுணர்வும்

நூலின் பொருள் வேறு, அதனைச் சொல்லும் நடை வேறு என்று பிரித்துக் கருதுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கு. பொருளை உடலாகவும் நடையை அதன்மேல் அணியும் ஆடையாகவும் உவமித்துக் கூறுவாரும் உளர். ஆடை மாறினும் உடல் மாறாதவாறுபோல நடை மாறினும் பொருள் மாறாது என்பது அவ்வுவமையின் உட்கோள். இக்கொள்கை பொருந்துமா என ஆராய்தற்குத் திருக்குறள் உரைகள் தக்க களமாகும். ஒரே மூலத்திற்குப் பலர் உரை கண்டுள்ளமையின், மூலம் மாறாது நிற்க, நடையின் வேறுபாடு செய்யும் விளைவைத் தனித்துக் காண இடம் உண்டு. ஈண்டு மணக்குடவர், பரிமேலழகர் ஆகிய இருவர் உரைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கிடைத்துள்ள உரைகளுள் பழமையானது முன்னவருடையது என்பர். பின்னவர் 13-ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலர் கருத்து.

முதற்குறளுக்கு இவ்விருவரும் தரும் பொழிப்பு ஏறக்குறைய ஒன்றே. எழுத்துக்கள் அகரத்தை முதலாக உடையன. அவ்வாறே உலகம் இறைவனை முதலாக உடையது என்பது இருவர்க்கும் உடன்பாடு. மணக்குடவர் இவ்வளவில் அமைகின்றார். பரிமேலழகரோ மேலும் ஒன்றை நோக்குகின்றார். குறளில் எழுவாயாக நிற்பது உலகமேயன்றி இறைவன் அல்லன். காணப்படும் உலகைக் கொண்டே காணப்படாத கடவுளின் உண்மையை நாட்டவேண்டியிருத்தலின் ஆசிரியர் உலகின்மேல் வைத்துக் கூறினார் என்று அவர் அதற்குக் காரணங் காட்டுகின்றார். இவ்வொரு வாக்கியத்தால், மணக்குடவர் உரையில் உவமையளவாக நின்ற குறள், கடவுள் உண்மைக்குரிய கருதலளவையாக உயர்ந்துவிடுகின்றது. பொழிப்பில் வேறுபாடு இல்லை. கற்பார் பெறும் பொருளிலோ வேறுபாடு பெரிது.

இவ்வேறுபாடு எதனால் விளைந்தது? பரிமேலழகரின் விளக்க வாக்கியங்களுள் பல ஒரே அமைப்பின. முற்பகுதி காரணம் கூறும். அது 'ஆகலின்', 'வேண்டுதலின்', 'அறியாமையின்' என்றாற்போல இன்னுருபு ஏற்று ஏதுப்பொருளில் நிற்கும். பிற்பகுதி 'என்றார்', 'கூறினார்' என்னும் முற்றால் முடியும். அம்முற்றின் எழுவாய் வெளிப்படத் தோன்றாதாயினும் அது திருவள்ளுவரே என்பதில் ஐயமில்லை. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. காரணம் உரையாசிரியர் கண்டது; முற்று நூலாசிரியர்க்கு உரியது. தமிழ் வாக்கியத்தில் முற்று இறுதிக்கண் வந்து, முன் நின்ற எச்சங்களையெல்லாம் தன்பாற் சேர்த்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலின் முடிவை எய்தும் கற்பார், முன்னே வந்த காரணமும் வள்ளுவர் உள்ளத்து இருந்ததே என்று கொண்டுவிடுகின்றனர். இக்காரணம் பற்றிக் கூறினார் போலும் என்று தம் கருத்தைத் தமதாகவே வைத்து உரையாசிரியர் எழுதியிருப்பின் இம்மயக்கம் நேராது.

இதனால் வரும் விளைவை 69-ஆம் குறளில் தெளிவாகக் காணலாம். தன் மகன் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாய், அவனைப் பெற்ற காலத்தினும் மிக மகிழ்வாள் என்பதே குறளின் பொருள். மணக்குடவர் இவ்வளவே கூறி அமைகின்றார். பரிமேலழகர் 'கேட்ட' என்னும் அடைமொழிக்குக் காரணம் தேடுகின்றார். பெண்ணியல்பினால் தாய் தானாக அறியமாட்டாமையின் அவ்வாறு கூறினார் என்பது அவர் கண்ட காரணம். பெண்டிர் அறிவைக் குறைத்து மதிக்கும் இக்கருத்துக் குறளில் எவ்விடத்து உளது? ஊரார் புகழ்தலும் தாய் கேட்டலுமே ஆண்டு உள்ளன. தான் அறிந்த மகனது சால்பை ஊரும் அறிந்து சொல்லக் கேட்டலின் மகிழ்ச்சி மிகும் என்று கொள்ளவும் அச்சொல் இடந்தரும். ஆயினும் 'கூறினார்' என்னும் முற்றுக் காரணத்தையும் வள்ளுவர்மேல் ஏற்றிவிடுதலின், உரை வழியே குறளைக் கற்றவர் அதனை வள்ளுவர் கொள்கையாகவே கொள்ள நேர்கின்றது.

இதனினும் நுண்ணியது 61-ஆம் குறளின் உரை. பெறத்தக்கவற்றுள் அறிவறிந்த மக்களைப் பெறுதலைப்போலச் சிறந்தது பிறிதில்லை என்கிறது அக்குறள். அறிவறிந்த என்னும் அடையால் 'மக்கள்' என்னும் பெயர் ஈண்டுப் பெண்ணை நீக்கி நின்றது என்பது பரிமேலழகர் குறிப்பு. அவர் உரையில் அதிகாரத்தின் பெயரும் 'புதல்வரைப் பெறுதல்' என நிற்கின்றது. பிறர் 'மக்கட்பேறு' என்றே கொண்டனர். இவ்வாக்கியத்தின் எழுவாய் யாது எனின், உரையாசிரியரும் அல்லர், நூலாசிரியரும் அல்லர். 'மக்கள்' என்னும் சொல்லே எழுவாய். 'நின்றது' என்பது உருபு தொக்கு நின்றது, உம்மை எஞ்சி நின்றது என இலக்கணக் குறிப்புக்களில் நாம் நாளும் காணும் முற்று. அம்முற்றுப் பெற்றமையால், மகளிரை நீக்கியதோர் கருத்தும் சொல்லிலக்கணம் போலத் தோன்றுகின்றது. கருத்தாயின் மறுக்கலாம், இலக்கணமாயின் மறுக்க எவர் துணிவர்? அவ்வதிகாரத்திலேயே சிறுகையால் அளாவிய கூழின் இனிமையும், மெய் தீண்டும் இன்பமும், மழலை கேட்கும் இன்பமும் பேசப்படுமிடங்களில் 'மக்கள்' என்னும் அதே சொல் பயில்கின்றது. ஆண்டுப் பெண்மகவு நீங்கியதாகக் கொள்வார் எவரும் இலர்.

இவ்வுரை கற்பாரிடத்து இத்துணை ஆழ வேரூன்றியதற்கு அச்சு வரலாறும் ஒரு காரணம். திருக்குறள் மூலம் 1812-இல் அச்சேறியது. அந்நூற்றாண்டில் அச்சுவழிப் பெரிதும் பரவிய பழையவுரை பரிமேலழகருடையதே. மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை வ. உ. சிதம்பரம் பிள்ளை 1917-இல் பதிப்பித்தார். ஓர் உரையையே கொண்டு கற்ற தலைமுறையினர்க்கு ஒப்புநோக்கும் வாய்ப்பு அரிது. ஒப்புநோக்கு இல்வழி நடையின் செயல் கண்ணுக்குப் புலனாவதில்லை.

இவற்றைக் கூறுதலால் பரிமேலழகரைப் பழித்தல் நம் கருத்தன்று. ஒவ்வொரு சொல்லும் ஏன் வந்தது என வினவும் பழக்கத்தைக் குறள் கற்பார்க்கு ஊட்டியவர் அவரே. பிறர் கொண்ட பாடத்தையும் உரையையும் எடுத்துக்காட்டி, தாம் உடன்படாமைக்குக் காரணமும் தரும் நேர்மை அவர்பால் உண்டு. மேலே நாம் எழுப்பிய வினாக்களும் அவர் காட்டிய வழியிற் பிறந்தவையே. அன்றியும், காரணம் கூறாத நடை எப்போதும் குற்றமற்றது என்றும் துணிதல் ஆகாது. மணக்குடவரின் சுருங்கிய நடை, சொன்னதற்கு மேல் வினவ ஒன்றுமில்லை என்னும் அமைதியைக் கற்பார்க்குத் தருகின்றது. அதுவும் நடையால் விளைந்ததொரு பொருளே.

ஆகவே உரை பயில்வார்க்கும் பயிற்றுவார்க்கும் நாம் வேண்டுவது எளியதொரு முறை. உரைவாக்கியத்தை ஏதுவென்றும் முற்றென்றும் முதலிற் பிரித்தல் வேண்டும். முற்றின் எழுவாய் யார் எனக் காணல் வேண்டும். பின்னர் ஏதுவை விலக்கிவிட்டு எஞ்சியது மூலத்தொடு பொருந்துமா என நோக்கல் வேண்டும். பொருந்துமாயின் அவ்வேது உரையாசிரியர் கொடை; அதனைக் கொள்ளுதலும் தள்ளுதலும் நம் அறிவின்பாற்பட்டது. வகுப்பறையில் 'வள்ளுவர் கூறினார்' என்று சொல்லுமுன் இச்சிறு சோதனையைச் செய்தல் நம் கடன். அதனைச் செய்யாதவிடத்து, பெற்ற மகனைத் தானாக அறியாதவள் தாய் என்னும் பழிச்சொல்லை வள்ளுவர் வாயில் நாமே வைத்தவர் ஆவோம்.