இறாலுக்கு மீன்மாவு மட்டும்தான் தீனியா?

நேயர்களே, சித்தியவான் வட்டாரத்தில் இறால் குளம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது என்பார். அதில் விலை கூடிய சரக்கு மீன்மாவு. இழுவலையில் சிக்கும் 'ஈக்கான் பாஜா' பொடிமீன்களையும் அரைத்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். குளத்து இறாலை வளர்க்கக் கடலை வழித்தெடுப்பது நியாயமா?

இதற்கு மாற்றாகப் பேசப்படுவது நுண்பாசி. புதுமையல்ல, பொரிப்பகத்தில் இறால் குஞ்சு முதன்முதலில் வாய் திறந்து தின்பதே கீட்டோசெரோஸ் போன்ற பாசியைத்தான். மீனெண்ணெயில் நாம் புகழும் ஒமேகா-3 சத்துக்கும் மூலம் பாசியே. உலர்ந்த ஸ்பைருலினாவில் புரதம் ஏறக்குறைய 60 விழுக்காடு.

பிறகென்ன தடை? விலைதான். நீரிலிருந்து பாசியைப் பிரித்து உலர்த்தவே வெள்ளி கரைகிறது. ஆகவே மீன்மாவில் ஒரு பங்கை மட்டும் மாற்றுவதே இப்போதைக்குக் கட்டுப்படியாகும்.