வீட்டுக் காற்றாலை: முதலில் கணக்கு, பிறகு கோபுரம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், தம் வீட்டு மொட்டைமாடியில் சிறு காற்றாலை ஒன்றை நிறுவி, அதை மந்திரிக்க நம்மை அழைத்தனர். முப்பந்தலில் பெருங்காற்றாலைகள் சுழல்வதைப் பேருந்திலிருந்து கண்டவர்கள், அதே காற்று தம் வீட்டிற்கும் உண்டு என எண்ணினர். இல்லத்தலைவியின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற பணம் அதில் அடங்கியிருந்தது. மின்தடை நேரும்போதும் பிள்ளைகள் படிக்க விளக்கு எரியும் என்பதே அவர்களது நம்பிக்கை. நாமும் தீர்த்தம் தெளித்து மனமார வாழ்த்தினோம்.

ஆனால் மூன்று புறமும் தென்னைகள் சூழ்ந்த அம்மாடியில் காற்று எவ்வளவு வீசுகிறது என்று விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஓராண்டிற்குள் அதிர்வினால் கைப்பிடிச் சுவர் விரிசல் கண்டது. விளக்கு எரிந்த இரவுகளோ சிலவே. நகைகளை மீட்க அக்குடும்பம் பட்ட பாட்டை நேரில் அறிந்தமையால் இதை எழுதுகிறோம்.

வீட்டுக் காற்றாலை வீண் கனவன்று. 1887-ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் என்பவர், ஸ்காட்லாந்தின் மேரிகர்க் சிற்றூரில் தம் விடுமுறை இல்லத்தோட்டத்தில் காற்றாலை அமைத்து, மின்கலங்களில் மின்சாரத்தைச் சேமித்து விளக்கேற்றினார். ஆகவே குறை கருவியில் மட்டும் இல்லை. திட்டமிடாமையில்தான் பெரிதும் உள்ளது.

முதலில் நம் தேவையை அறிய வேண்டும். மின்கட்டண விவரத்தில் கண்ட யூனிட்டுகளை அக்காலத்து நாள்களால் வகுத்தால் அன்றாடச் செலவு தெரியும்.

அடுத்தது காற்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதே இத்துறையின் அடிப்படை விதி. இரண்டு மீட்டர் விட்டமுள்ள சுழலியை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள ஆற்றலில் 30 விழுக்காட்டை அது மின்சாரமாக்குவதாகக் கொண்டால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 15 வாட் கிடைக்கும். 6 மீட்டர் வேகத்தில் 120 வாட். இரவும் பகலும் ஓயாது 6 மீட்டர் வேகத்தில் வீசினாலும் ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டை எட்டாது. 3 மீட்டர் வேகமெனில் அரை யூனிட்டும் தேறாது. காற்றின் ஆற்றலில் 59 விழுக்காட்டிற்கு மேல் எக்கருவியாலும் பெற இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்ட கணக்கு நிறுவியுள்ளது. அதற்கு மேல் தருவதாகக் கூறும் விளம்பரத்தை நம்பலாகாது. காற்றளவிக் கருவியைக் கோபுரம் எழும் உயரத்திலேயே பொருத்தி, ஓராண்டு அளந்து பார்ப்பதே நன்று.

மூன்றாவது உயரம். மரமும் கட்டிடமும் காற்றைத் தடுப்பதோடு அதைக் குழப்பியும் விடுகின்றன. சுற்றிலும் 500 அடிக்குள் உள்ள எப்பொருளையும்விட 30 அடி உயரத்தில் இறக்கையின் கீழ்நுனி இருத்தல் வேண்டும் என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் முறை. தென்னை 60 அடியெனில் கோபுரம் 90 அடிக்கும் மேல் எழ வேண்டும்! கருவியைவிடக் கோபுரத்திற்கே செலவு மிகுதலும் உண்டு. அது விழுந்தால் அயலார் வீட்டின்மீதோ மின்கம்பியின்மீதோ விழாதவாறு இடமும் வேண்டும். இடிதாங்கியும், பெருங்காற்றில் சுழற்சியை நிறுத்தும் தடையும் இன்றியமையாதவை. கூரையின்மேல் நிறுவினால் அதிர்வு வீட்டுச் சுவர்களில் இறங்கும்.

நான்காவது பருவம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் மாதங்கள் வேறு. காற்று அடங்கிக் கிடக்கும் மாதங்கள் வேறு. பின்னவற்றிற்குச் சூரியத் தகடோ மின்வாரிய இணைப்போ துணை நிற்க வேண்டும். மின்கலங்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தபின், "நமக்கு இது வேண்டாம்" என்று ஒரு குடும்பம் முடிவு செய்யுமாயின் அதுவும் நல்ல முடிவே. கோபுரம் கட்டப் புறப்பட்டவரின் உவமையை ஞாயிறுதோறும் நற்செய்தி கேட்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதை அன்று அம்மாடியில் நாமே மறந்தோம்.

இனிக் காற்றாலையை மந்திரிக்க நம்மை அழைப்போர், முதலில் ஓராண்டுக் காற்றுக் கணக்கைக் காட்டுவார்களாக. தீர்த்தச் செம்புடன் மகிழ்ந்து வருவோம்.