வரிக் கணக்கு எழுதப் போகலாமா?

வரி என்ற சொல்லைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் இரண்டே பேர்தான். வரியை வாங்கிக்கொள்ளும் சர்க்கார் ஒன்று; கணக்குப் பார்த்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ளும் ஆடிட்டர் மற்றொன்று. பாக்கி எல்லோருக்கும் அது வேப்பங்காய். அந்த வேப்பங்காயையே ஒரு பெண் தன் பிழைப்பாக வைத்துக்கொள்ளலாமா? பி.காம். படிக்கிற பெண் இருக்கும் வீடுகளில் எல்லாம் இன்று இதுதான் பேச்சு.

"கௌரவமான தொழில், சேர்ந்துவிடு" என்கிறார் அப்பா. "ராப்பகலாக உழைக்க வேண்டுமாமே!" என்று கவலைப்படுகிறாள் அம்மா. "அதெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரே போட்டுவிடும்" என்று அடித்துப் பேசுகிறான் அண்ணன். வாசக சகோதரிகளே, மூன்று பேர் சொல்வதும் பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்ட பிறகல்லவா முடிவு செய்ய வேண்டும்?

கூட்டலா, கேள்வியா?

வரி வேலை என்றால் கூட்டல் கழித்தல் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அதில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, சட்டத்தைப் படித்து அர்த்தம் பண்ணுகிற வேலை.

ஓர் உதாரணம் பாருங்கள். கல்யாணத்தில் ஒரு பெண்ணுக்கு அவள் தோழி ஒரு லட்சம் ரூபாய் பரிசு கொடுக்கிறாள். அதற்கு வருமான வரி கிடையாது. அதே தோழி, அதே ஒரு லட்சத்தைப் பிறந்த நாளுக்குக் கொடுத்தால்? அது முழுவதும் வாங்கிக்கொண்டவளின் வருமானத்தில் சேர்ந்துவிடும்! உறவினர் அல்லாதவர்கள் கொடுப்பது வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் அப்படித்தான் சட்டம். பிறந்த நாள் பரிசு கூடப் பிறந்த அண்ணன் கொடுத்ததானால், எவ்வளவு ஆனாலும் வரி இல்லை. பணம் ஒன்றுதான், கொடுத்தது யார், எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. "அடடே, வேடிக்கையாக இருக்கிறதே!" என்று உங்கள் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தால் நல்ல சகுனம். கொட்டாவி விட்டால், கணக்குத் துறையிலேயே வேறு அறைகள் இருக்கின்றன: தணிக்கை, உற்பத்திச் செலவுக் கணக்கு, கம்பெனிகளின் நிதி நிர்வாகம். வரியைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதில்லை.

2017 ஜூலை 1-ஆம் தேதி வந்த ஜி.எஸ்.டி.யும் இப்படித்தான். புடவைக் கடைக்காரர் 1,000 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்குகிறார். வரி 5 சதவீதம் என்றால் 50 ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். அதை 1,400 ரூபாய்க்கு விற்று, 70 ரூபாய் வரி வசூலிக்கிறார். சர்க்காருக்கு அவர் கட்டுவது 70 அல்ல. தாம் முன்பே கொடுத்த 50-ஐக் கழித்துக்கொண்டு 20 ரூபாய்தான். ஆனால் அவருக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி தம் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்யாவிட்டால், அந்த 50 ரூபாயைக் கழித்துக்கொள்வது சிக்கலாகிவிடும். வரிக்காரரின் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கம்ப்யூட்டர் சாப்பிட்டுவிடுமா?

அண்ணன் சொன்னதை அலட்சியம் செய்வதற்கில்லை. சம்பளக்காரர் ஒருவரின் வருமான வரிப் படிவத்தில் சம்பளம், வங்கி வட்டி, பிடித்தம் செய்த வரி எல்லாவற்றையும் இலாகாவே முன்கூட்டி நிரப்பி வைத்துவிடுகிறது. வரி மதிப்பீட்டிலும் பெரும்பகுதி, அதிகாரியின் முகத்தையே பார்க்காமல் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. படிவத்தை நிரப்பிக் கொடுப்பது மட்டுமே தொழில் என்று நம்பிப் போகிறவர்களுக்கு நாளைக்குச் சோறு நிச்சயமில்லை.

ஆனால் இதையும் கவனியுங்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 12,75,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரி இல்லை. "எனக்கு வரியே கிடையாது" என்று ஒருவர் நிம்மதியாக இருக்கிறார். நடுவில் கம்பெனிப் பங்குகளை வாங்கிச் சில மாதத்தில் லாபத்துக்கு விற்றிருக்கிறார். அந்த லாபத்துக்கு மேற்படி தள்ளுபடி செல்லாது. தனி விகிதத்தில் வரி உண்டு. இயந்திரம் தொகையைப் போட்டுவிடும். ஆனால், நோட்டீஸ் வந்த பிறகு பதறிப்போய் நிற்கிற மனிதருக்கு எதிரே உட்கார்ந்து விளக்கிச் சொல்லவும், பதில் எழுதவும், விற்பதற்கு முன்பே "கொஞ்சம் பொறுங்கள்" என்று எச்சரிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே!

இந்தச் சமயத்தில் நுழைகிறவர்களுக்கு ஓர் அதிருஷ்டமும் உண்டு. நம் நாட்டில் 1860-ல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். பிறகு 1922-ல் ஒரு சட்டம், 1961-ல் ஒரு சட்டம். இப்போது 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் வருஷத்துச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் அமல். முப்பது வருஷம் பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்த பெரியவரும், நேற்றுச் சேர்ந்த பெண்ணும் ஒரே அரிச்சுவடியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. பழைய வருஷத்து வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்துமாதலால், அதையும் கற்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஆடியும் கொலுவும்

அம்மாவின் கவலைக்கு வருவோம். வரிக்காரர்களுக்குப் பஞ்சாங்கமே வேறு. மாதம் 7-ஆம் தேதி, பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. ஜூலை 31, சம்பளக்காரர்களின் கெடு. செப்டம்பர் 30, வியாபாரிகளின் தணிக்கை அறிக்கை. அக்டோபர் 31, அவர்களுடைய வருமானக் கணக்கு. ஆகவே ஆடி மாதம் போனதே தெரியாது. ஊரெல்லாம் கொலுப்படி கட்டிச் சுண்டல் விநியோகம் செய்யும்போது, இந்தப் பெண்கள் ஆபீஸில் ரசீதுக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுவது நல்லது. பெண் வீட்டில் மட்டும் அல்ல, நாளைக்குப் போகப் போகிற வீட்டிலும்தான். அதே சமயம், சொந்தமாகத் தொழில் செய்யும் உரிமை பெற்றுவிட்டால் இந்த வேலைக்கு ஒரு சௌகரியமும் உண்டு. கணவருக்கு ஊர் மாற்றலானாலும், குழந்தை பிறந்தாலும், வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு நாலு கட்சிக்காரர்களோடு மறுபடி ஆரம்பிக்கலாம். வயதைக் காட்டி யாரும் வெளியே அனுப்ப முடியாது.

படிப்பும் பரீட்சையும்

சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆவதற்கு மூன்று படிகள்: ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல். வணிகப் பட்டத்தில் 55 சதவீதம், மற்றப் பட்டங்களில் 60 சதவீதம் வாங்கியவர்கள் முதல் படியைத் தாண்டி நேரே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். நடுவில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சி. முன்பு மூன்று வருஷமாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித் தொகை சொற்பம். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பரீட்சையில் ஒவ்வொரு பாடத்திலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வாங்கியாக வேண்டும். கெட்டிக்காரிகளும் ஒன்றிரண்டு முறை தோற்றுத்தான் தேறுகிறார்கள். தோல்வியை வீட்டார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கும் வழி அடைத்துவிடவில்லை. பி.காம். பட்டதாரிகள் ஜி.எஸ்.டி. தொழில் செய்யப் பதிவு செய்துகொண்டு, அதற்கான பரீட்சையை எழுதலாம். ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் பரீட்சை எழுதி வருமான வரி இன்ஸ்பெக்டராகலாம். மேஜைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் படிக்க வேண்டியது ஒரே சட்டம்தான்.

சிறையில் எடுத்த முடிவு

"பெண்ணுக்கு இது ஏற்ற தொழிலா?" என்று யாராவது கேட்டால் ஆர். சிவபோகம் அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். சென்னைக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறையில் இருக்கும்போதே கணக்காளராவது என்று தீர்மானித்து, 1933-ல் பரீட்சையில் தேறினார். இந்தியாவில் அந்தத் தகுதி பெற்ற முதல் பெண்மணி அவரே. ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. சும்மா இருந்துவிடாமல் அதை எதிர்த்துப் போராடி வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை, சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்களின் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்குத் தலைமையும் வகித்தார்.

கடைசியாக ஒரு விஷயம். இந்தத் தொழிலில் புத்தியை விட அடிக்கடி சோதனைக்கு ஆளாவது மனசாட்சி. "ஏதாவது செய்து குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டுதான் பலர் வருவார்கள். சட்டம் தந்த சலுகையைத் தேடி எடுத்துக் கொடுப்பது சாமர்த்தியம். குடியிராத வீட்டுக்கு வாடகை ரசீது தயார் செய்வது மோசடி. கேட்கிறவர் சில சமயம் பழைய சிநேகிதராக இருப்பார், சில சமயம் சொந்தச் சித்தப்பாவாகவே இருப்பார். அவரிடமும் சிரித்த முகத்தோடு "முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியாதவர்களுக்கு எத்தனை பட்டம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

உங்கள் பெண்ணுக்கு இது ஒத்துவருமா என்று கண்டுபிடிக்க ஜோசியரிடம் போக வேண்டாம். இந்த மாதத்து வீட்டுக் கணக்கையும், அப்பாவின் சம்பளச் சான்றையும், வங்கிப் புத்தகத்தையும் அவளிடம் கொடுங்கள். "இந்த வருஷம் நமக்கு எவ்வளவு வரி, ஏன்?" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தொகை தப்பாக வந்தாலும் பாதகமில்லை, கற்றுக்கொள்ளலாம். அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் தேடி, கூப்பிட்டும் சாப்பிட வராமல் உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் தைரியமாகச் சேர்த்துவிடலாம்.